கிருபையும் விசுவாசமும்: கிறிஸ்தவ சமயம் கூறும் மீட்பு நெறி

(நம் சங்கத்தின் சமயக் கருத்து விளக்கச் சொற்பொழிவு வரிசையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தொழில் காரணமாகத் தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்து, ஒரே குடியிருப்பில், ஒரே சுவரின் இருபுறமும் வாழ்கின்றவர்கள் நாம். மார்கழி விடியலில் ஒரு வீட்டிலிருந்து பாவைப் பாட்டு எழுகின்றது. அதே திங்களில் அடுத்த வீட்டிலிருந்து கிறிஸ்து பிறப்புக் கீர்த்தனை எழுகின்றது. பலகாரத் தட்டு இரு வீடுகளுக்கும் இடையே தடையின்றிச் சென்று வருகின்றது. ஆனால் அவ்விழாக்களின் உள்ளே உறையும் கருத்துக்கள் அவ்வளவு எளிதாகச் சென்று வருவதில்லை. அண்டை வீட்டார் எதை உண்கிறார் என்பது நமக்குத் தெரியும். எதை நம்புகிறார் என்பது தெரியாது. இக்குறையை ஓரளவேனும் போக்குவதே இச்சொற்பொழிவு வரிசையின் நோக்கம். யாரையும் ஒரு சமயத்திலிருந்து மற்றொன்றிற்கு அழைப்பது நம் நோக்கமன்று, அறிந்துகொள்வதே நோக்கம்.

கிறிஸ்தவ சமயத்தின் உயிர்நாடி யாது என்று கேட்டால், நம்மில் பலர், “நல்லவனாக நட, நன்மை செய், மோட்சம் பெறுவாய் என்பதே அது” என்று விடை கூறுவோம். கிறிஸ்தவ அன்பர்களிலும் சிலர் அவ்வாறே கூறக்கூடும். ஆனால் அச்சமயத்தின் மறைநூல் கூறுவது ஏறத்தாழ இதற்கு நேர் எதிரானது. மனிதன் தன் நற்செயல்களைக் கூலியாகக் கொடுத்து மீட்பை வாங்க இயலாது; கடவுள் அதனைத் தம் கிருபையினால் இலவசமாக அளிக்கின்றார்; மனிதன் விசுவாசம் என்னும் கையை நீட்டி அதனைப் பெற்றுக்கொள்கின்றான்; நற்செயல்கள் அக்கொடையின் கனிகளேயன்றி அதன் விலையல்ல. புதிய ஏற்பாட்டில் எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இக்கருத்தை மிகச் சுருக்கமாக எடுத்துரைக்கின்றது. எவனும் தன்னைப் பற்றிப் பெருமை பேசுவதற்கு இடமில்லாமற்போகும் பொருட்டே இவ்வாறு அமைந்தது என்றும் அது காரணம் காட்டுகின்றது.

சொற்களின் பொருள்

முதற்கண் சொற்களை ஆராய்வோம். புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் வரும் ‘காரிஸ்’ என்னும் சொல்லே தமிழில் ‘கிருபை’ எனப்பட்டது. தகுதி நோக்காது, கைம்மாறு கருதாது, கொடுப்பவரின் உள்ளத்து உவகையினாலேயே வரும் தயவு என்பது அதன் பொருள். 1871இல் வெளிவந்த விவிலியத் தமிழாக்கம் ‘கிருபை’, ‘விசுவாசம்’, ‘இரட்சிப்பு’ என்ற சொற்களை ஆள்கின்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘அருள்’, ‘நம்பிக்கை’, ‘மீட்பு’ என்ற சொற்களை ஆள்கின்றது. சொல் வேறாயினும் பொருள் ஒன்றே.

‘விசுவாசம்’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். இதன் கிரேக்க மூலமாகிய ‘பிஸ்டிஸ்’ என்பதற்கு நம்புதல் என்பதோடு, உண்மையாய் நிலைத்திருத்தல் என்ற பொருளும் உண்டு. நம் தமிழ் வழக்கிலோ, நன்றியும் விசுவாசமும் உள்ளவன் என்று ஒருவனைப் போற்றுகிறோம். உண்ட வீட்டிற்கு இரண்டகம் செய்பவனை விசுவாசமற்றவன் என்கிறோம். ஆகவே தமிழில் இச்சொல் இரு பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்கின்றது. கடவுள் ஒருவர் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்வது மட்டும் விசுவாசமாகாது. பேய்களும் அதனை ஒப்புக்கொள்கின்றன என்று யாக்கோபின் நிருபம் எள்ளி நகையாடுகின்றது. மருத்துவரிடம் நோயாளி தன்னை ஒப்படைப்பதுபோலத் தன்னைக் கடவுளிடம் ஒப்படைப்பதே விசுவாசம். மருந்தைப் பெறுவதற்கு நீட்டிய கை நோயைத் தீர்த்தது என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் நீட்டாத கையில் மருந்து தங்குவதுமில்லை.

திராட்சைத் தோட்டத்துக் கூலி

இயேசுபெருமான் இக்கருத்தைத் தத்துவமாக விரித்துரைத்தாரல்லர், கதைகளாகவே கூறினார். அவற்றுள் நம் போன்ற தொழிற்குடியிருப்பினர் மிகுதியும் எண்ணிப் பார்க்கத்தக்கது, மத்தேயு நற்செய்தி இருபதாம் அதிகாரத்தில் உள்ள திராட்சைத் தோட்டக் கதையாகும்.

நில உடையவர் ஒருவர் விடியற்காலையில் சந்தைவெளிக்குச் சென்று, நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் கூலி பேசி ஆட்களை அமர்த்தினார். அஃது அக்காலத்தில் ஓர் உழைப்பாளியின் ஒரு நாட் கூலி. பின்னர்க் காலை ஒன்பது மணியளவிலும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணியளவிலும் மேலும் ஆட்களை அனுப்பினார். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கையில் மீண்டும் சென்றார். இன்னும் சிலர் நின்றுகொண்டிருந்தனர். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று வினவ, எங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றனர். அவர்களையும் அனுப்பினார். மாலையில் கூலி கொடுக்கும்பொழுது கடைசியாக வந்தவர்களுக்கு முதலில் ஒரு முழு தெனாரியம் கொடுக்கப்பட்டது. அதைக் கண்ட விடியற்கால ஆட்கள் தமக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என எண்ணினர். கிடைத்ததோ அதே ஒரு தெனாரியம். வெயிலில் வெந்தவனும் மாலைக் காற்றில் ஒரு மணி நேரம் நின்றவனும் ஒன்றா என்று முணுமுணுத்தனர். பேசிய கூலியைக் குறையாமல் தந்தேன். உனக்கு அநீதி செய்யவில்லை. என் பொருளைக் கொண்டு நான் நல்லவனாய் இருப்பது உன் கண்ணை உறுத்துகிறதா என்ற கருத்தில் அவர் விடையிறுத்தார்.

அன்பர்களே! இக்கதையைத் தொழிற்சங்கக் கூட்டம் ஒன்றில் சொன்னால் என்னவாகும்? பணிமூப்பு, மிகைநேர ஊதியம், பதவி உயர்வு வரிசை ஆகிய அனைத்தும் இங்கே தலைகீழாகின்றன. கூலிச் சட்டத்திற்கு இக்கதை உதவாது. அதற்காக அது சொல்லப்படவும் இல்லை. ஆனால் நுணுகி நோக்கினால் ஒன்று புலப்படும். கடைசியில் வந்தவர்கள் சோம்பேறிகள் என்று கதை கூறவில்லை. யாரும் அழைக்கவில்லை என்றே கூறுகின்றது. ஒரு நாட் கூலி என்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உணவு. ஒரு மணி நேரம் உழைத்தவன் வீட்டிலும் பிள்ளைகளுக்கு முழுப் பசியே இருக்கும். அவர் உழைப்பை அளந்து கொடுக்கவில்லை. தேவையை அறிந்து கொடுத்தார். முன்வந்தவர்களுக்கு நீதி குறையவில்லை. பின்வந்தவர்களுக்கு நீதியின்மேல் அருள் கூடியது. முன்வந்தவர்களை வருத்தியது தங்கள் இழப்பன்று, பிறருடைய பேறே.

லூக்கா நற்செய்தியில் வரும் ஊதாரி மைந்தன் கதையிலும் இதே பாத்திரம் உண்டு. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனைத் தந்தை ஓடிச் சென்று தழுவுகின்றார். வீட்டிலேயே உழைத்துவந்த மூத்த மகனோ விருந்திற்குள் நுழைய மறுத்து வெளியே நிற்கின்றான். மூத்தவன் உள்ளே சென்றானா இல்லையா என்பதைச் சொல்லாமலே கதை முடிகின்றது. கேட்பவரே அதை முடிக்கவேண்டும்.

மழையை எடுத்துக்கொள்வோம். நல்லவர் ஒருவர் இருந்தால் அவர் பொருட்டு எல்லார்க்கும் மழை பெய்யும் என்பது மூதுரையின் கருத்து. தீயோர்மீதும் நல்லோர்மீதும் கடவுள் ஒப்பவே மழை பெய்விக்கின்றார் என்பது இயேசுவின் மலைப்பொழிவில் வரும் கருத்து. முன்னது நல்லோரின் பெருமையைப் பேசுகின்றது. பின்னது கொடுப்பவரின் உள்ளத்தைப் பேசுகின்றது. இவ்வேற்றுமையை மனத்திற் கொண்டால் கிருபை என்பதன் பொருள் விளங்கும்.

அந்தியோகியாவில் ஒரு பந்தி

இக்கொள்கைக்குக் கூர்மையான வடிவம் தந்தவர் பவுல் அடிகள். தர்சு நகரத்து யூதர். பரிசேய மரபில் பயின்றவர். சமயச் சட்டத்தை இம்மியும் பிசகாமல் ஒழுகியவர். அந்த ஒழுக்கத்தின் பெயராலேயே கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியவர். தமஸ்கு நகரச் சாலையில் அவர் வாழ்வு திரும்பியது. தீமையில் அல்ல, தம் நன்மையிலேயே தாம் குருடராய் இருந்ததாக அவர் உணர்ந்தார். ஒழுக்கத்தின் செருக்கு ஒழுக்கக்கேட்டைவிட ஆழமாக மனிதனைக் கடவுளிடமிருந்து பிரிக்கக்கூடும் என்னும் அவர்தம் கருத்து அவ்வனுபவத்திலிருந்து பிறந்தது.

இக்கொள்கை எழுந்தது ஏட்டுப் பள்ளியிலன்று, உணவுப் பந்தியிலே. அந்தியோகியா நகரில் யூதக் கிறிஸ்தவரும் யூதரல்லாத கிறிஸ்தவரும் உடனமர்ந்து உண்டு வந்தனர். தலைமைச் சீடராகிய பேதுருவும் அவ்வாறே உண்டார். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன், அவர்கள் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி, பேதுரு அப்பந்தியிலிருந்து எழுந்து விலகினார், மற்றவர்களும் விலகினர். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதை அவரே எழுதியுள்ளார். எழுதியவுடன், அடுத்த வரிகளிலேயே, சட்டத்தின் செயல்களினால் அன்று, விசுவாசத்தினாலேயே மனிதன் நீதிமானாக ஏற்கப்படுகின்றான் என்ற கொள்கையை நிறுவுகின்றார்.

இத்தொடர்பு கருதத்தக்கது. எவனும் தன் தகுதியால் கடவுள் முன் நிற்கவில்லை என்றால், எவனும் தன் பிறப்பையோ ஆசாரத்தையோ காட்டி அடுத்தவனோடு உண்ண மறுக்கும் உரிமையுடையவன் அல்லன். கிருபை என்பது மேலுலகத்து இருக்கையைப் பற்றிய கொள்கை மட்டுமன்று. இவ்வுலகத்துப் பந்தியில் யார் பக்கத்தில் யார் அமர்வது என்பதைப் பற்றிய கொள்கையுமாகும்.

வரலாற்றில் எழுந்த வாதங்கள்

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த அகுஸ்தீன் அடிகளும், பிரிட்டன் நாட்டினராகிய பெலாகியஸ் என்னும் துறவியும் இப்பொருள் பற்றி மாறுபட்டனர். உரோமை மக்களின் ஒழுக்கத் தளர்ச்சியைக் கண்டு வருந்திய பெலாகியஸ், மனிதன் முயன்றால் கடவுளின் கட்டளைகளைக் கைக்கொள்ள வல்லவன் என்று வற்புறுத்தினார். தம் மனமே தமக்கு அடங்காமையை நெடுநாள் அறிந்திருந்த அகுஸ்தீன், நல்லதை விரும்பும் விருப்பமே அருளால் வருவது என்றார். 418ஆம் ஆண்டு கார்த்தேசு நகரில் கூடிய ஆயர் மன்றம் பெலாகியஸின் கொள்கையை மறுத்தது. ஆயினும் பெலாகியஸ் எழுப்பிய அச்சம் அத்துடன் மறையவில்லை. எல்லாம் அருளே என்றால் முயற்சிக்கு இடம் எங்கே என்ற வினா ஒவ்வொரு நூற்றாண்டிலும் திரும்பத் திரும்ப எழுந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் செருமானிய நாட்டில் மார்ட்டின் லூதர் என்னும் அகுஸ்தீன் சபைத் துறவி, நோன்பாலும் பாவ அறிக்கையாலும் மனத்துக்கு அமைதி காணாமல் தவித்தார். கடவுளின் நீதி என்றால் தண்டிக்கும் நீதி என்றே அவர் எண்ணியிருந்தார். உரோமையருக்கு எழுதப்பட்ட நிருபத்தைப் பயின்றபொழுது, அது மனிதனுக்குக் கடவுள் கொடையாக அளிக்கும் நீதி என்று அவருக்குப் புலப்பட்டது. அக்காலத்தில் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுக்கள் பணத்திற்கு வழங்கப்பட்டு வந்தன. உரோமையில் புனித பேதுரு பேராலயம் கட்டும் பணிக்கு அப்பணத்தில் ஒரு பங்கு சென்றது. அருளைக் காசுக்கு விற்பதா என்று கொதித்து, 1517ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் 95 கருத்துரைகளை லூதர் வெளியிட்டார். ஐரோப்பியத் திருச்சபை பிளந்தது.

கத்தோலிக்கத் திருச்சபை 1547ஆம் ஆண்டு திரெந்து நகரப் பொதுச்சங்கத்தில் தன் விடையை வகுத்தது. மனிதன் அருளோடு ஒத்துழைத்தல் வேண்டும், அன்பின்றி விசுவாசம் நிறைவடையாது என்று அது வற்புறுத்தியது. ஆனால் நம்மிற் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு: மனிதன் நீதிமானாக்கப்படுவதற்கு முன் செய்யும் எதுவும் அவ்வருளைக் கூலியாகப் பெற்றுத் தராது என்பதை அச்சங்கமும் ஒப்புக்கொண்டது. அருளே முதல் என்பதில் இரு திறத்தாரும் ஒன்றுபட்டிருந்தனர். பெற்ற பின் நிகழ்வதை எவ்வாறு உரைப்பது என்பதிலேயே மாறுபாடு பெரிதாயிற்று. கீழைத் திருச்சபைகளோ இதனை நீதிமன்ற மொழியில் மிகுதியும் பேசுவதில்லை. மீட்பை நோய் தீர்த்தலாகவும், மனிதன் இறைவாழ்வில் பங்குபெறுதலாகவும் கூறுகின்றன.

நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இப்பிணக்கு, நெடுங்கால உரையாடலுக்குப் பின், 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ஆக்சுபர்க்கு நகரில் ஓர் உடன்பாட்டை அடைந்தது. லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையொப்பமிட்ட கூட்டறிக்கை, இக்கொள்கையின் அடிப்படையில் இரு சாராரும் ஒருமித்தவர்கள் என்று அறிவித்தது. எஞ்சிய வேறுபாடுகளை அது மறைக்கவில்லை. 2006இல் மெதடிஸ்தரும், 2017இல் சீர்திருத்த மரபுத் திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்பினரும் அதில் இணைந்தனர். குருதி சிந்திப் போரிட்ட இரு திறத்தார் ஒரு மேசையில் அமர்ந்து கையொப்பமிட்டது, சமயப் பிணக்குகள் மலிந்த இவ்வுலகில் நினைவிற் கொள்ளத்தக்க நிகழ்ச்சியே.

இலவசமாயின் ஒழுக்கம் எதற்கு?

இங்கே ஓர் ஐயம் இயல்பாகவே எழும். மீட்பு இலவசமானால் மனிதன் தான்தோன்றியாய்த் திரியலாமே? இவ்வையத்தைப் பவுலே முன்னுணர்ந்து, உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் எழுப்பி, கூடவே கூடாது என்று மறுத்தார். யாக்கோபின் நிருபமோ, செயலற்ற விசுவாசம் செத்ததே என்று இன்னும் கடுமையாகக் கூறுகின்றது. வேர் கனியால் உண்டாவதில்லை. ஆனால் கனியே தராத மரத்தின் வேர் உயிருடன் உள்ளதா என்று ஐயுறுவது நியாயம்.

இதற்கு வரலாற்றிலிருந்து இருவரைக் காட்டலாம். உலகெங்கும் பாடப்படும் கிருபைப் பாடல் ஒன்றை 1772ஆம் ஆண்டின் இறுதியில் இயற்றிய ஆங்கிலேயர் ஜான் நியூட்டன், முன்னர் அடிமை வாணிகக் கப்பலில் பணியாற்றியவர். 1748இல் கடற்புயல் ஒன்றில் அவர் மனம் திரும்பினார். ஆனால் அதன் பின்னரும் சில ஆண்டுகள் அவர் அடிமைக் கப்பலின் தலைவராய் இருந்தார். கடலை விட்டு நீங்கியது 1754இல். அவ்வாணிகத்தைக் கண்டித்து வெளிப்படையாக நூல் எழுதியது 1788இல். கிருபை ஒரு நொடியில் வந்தது என்று பாடியவருக்கு, அக்கிருபை தம் கைகளை எட்டுவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. இது கொள்கையின் தோல்வியா, அதன் மெல்லிய உழைப்பா என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம். அக்கப்பல்களில் சங்கிலியால் பிணிக்கப்பட்டுச் சென்றவர்களின் நிலையிலிருந்து பார்த்தால், அந்த நாற்பது ஆண்டுகள் மிக நீண்டவை என்பதை மறுத்தல் இயலாது.

மற்றொருவர் செருமானியராகிய தீட்ரிக் போன்ஹோபர். இட்லரின் ஆட்சியில், 1937இல் தாம் வெளியிட்ட நூலில், மனந்திருந்தாமலே பெறும் மன்னிப்பை ‘மலிவான கிருபை’ என்று அவர் பழித்தார். கிருபை இலவசம், ஆனால் மலிவன்று, பெற்றவனின் வாழ்வு முழுவதையும் அது கேட்கும் என்பது அவர் கொள்கை. இட்லரை எதிர்த்தமையால் சிறைப்பட்டு, 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

தமிழ் மண்ணில்

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். அவர் பெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. ஆகவே விசுவாசத்தால் வரும் மீட்பு என்னும் கொள்கை, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழிலேயே பேசப்பட்டு வருவதாகும். நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தை 1894இல் வெளியிட்டார். கம்பனில் தோய்ந்த நெஞ்சமே அதனைப் பாடிற்று. ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று தமிழுலகம் அவரைப் போற்றுகின்றது.

கிருபை என்றவுடன் வைணவ அன்பர்களுக்குப் பூனையும் குரங்கும் நினைவுக்கு வரும். பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்கின்றது. குட்டி செய்வது ஒன்றுமில்லை. குரங்குக் குட்டியோ தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். முன்னதைத் தென்கலையாரும் பின்னதை வடகலையாரும் சரணாகதிக்கு உவமையாக்கினர். அகுஸ்தீன், லூதர் முதலியோர் பூனைக்குட்டியின் பக்கம் என்றும், திரெந்து சங்கத்தார் ஒருவாறு குரங்குக்குட்டியின் பக்கம் என்றும் கூறலாம். ஆயின் பற்றிக்கொள்ளும் வலிமையும் அருளே என்று அவர்களும் கூறுவர். ருடால்ப் ஓட்டோ என்ற செருமானிய அறிஞர் 1930இல் இந்திய அருள்நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார்.

ஒற்றுமை கண்டு மகிழ்வது நன்று. வேற்றுமையை மறைப்பது நன்றன்று. சைவ சித்தாந்தத்தில் இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்த்த ஆன்மாவில் சத்திநிபாதம் நிகழ்கின்றது; அங்கே பக்குவம் பேசப்படுகின்றது. பவுலோ, மனிதர் பக்குவமற்ற பாவிகளாய் இருக்கையிலேயே கிறிஸ்து அவர்களுக்காக உயிர் துறந்தார் என்கிறார். மேலும், கிறிஸ்தவ மீட்பு பிறவிச் சுழலிலிருந்து விடுதலை என்பதன்று. பாவத்தினால் முறிந்த உறவு புதுப்பிக்கப்படுதல். பொந்தியு பிலாத்து ஆளுநராய் இருந்த காலத்தில் எருசலேமின் வெளிப்புறத்தில் நிகழ்ந்த ஒரு சிலுவைச் சாவோடு அஃது இணைக்கப்பட்டுள்ளது. இம்மூன்றும் வேறு வேறு வழக்குக்கள். எல்லாம் ஒன்றே என்று தட்டிக்கழிப்பது மரியாதைபோல் தோன்றினும், உண்மையில் எவர் பேச்சையும் முழுதும் கேளாமையேயாகும்.

அவ்வாறாயின் கிறிஸ்துவை அறியாதவர் நிலை என்ன என்று நம் குடியிருப்பின் பிற சமயத்தார் கேட்பது இயல்பு. கிறிஸ்தவருள்ளேயே இதற்கு ஒரே விடை இல்லை. கிறிஸ்துவை வெளிப்படையாக ஏற்றவர்க்கே மீட்பு என்பார் உளர். தம் குற்றமின்றி அவரை அறியாது, நேரிய உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின்படி வாழ்வோரும் அருளால் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கூறியது. கடவுளின் கொடையை நம் வேலிக்குள் அடைக்க இயலுமா என்பதே இவ்வாதத்தின் அடிப்படை.

பெஞ்சுகளும் பந்திகளும்

அந்தியோகியாவில் பேதுரு எழுந்து விலகிய அதே பிழை, தமிழ்த் திருச்சபையிலும் நிகழ்ந்தது. கிருபையைப் பாடிய ஆலயங்களிலேயே சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைகள் இருந்தன; நற்கருணைக் கிண்ணத்தைப் பருகுவதிலும் முன்பின் பார்க்கப்பட்டது. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் இவ்வேற்றுமைகளை ஒழிக்க ஆணை பிறப்பித்தபொழுது, தஞ்சைப் பகுதியில் எதிர்ப்பு எழுந்தது. பலர் அச்சபையை விட்டே நீங்கினர். பின்னாளிலும் சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் பிரிவுச் சுவர் எழுந்தது. தகுதியின்றிப் பெற்றதாகப் பாடிக்கொண்டே, அடுத்தவனின் தகுதியை அளந்துகொண்டிருந்த முரண்பாடு இது. கிறிஸ்தவ அறிஞர் பலரே இதனைக் கடிந்துரைத்தனர். எச்சமயத்தாரும் இதில் கல்லெறியும் தூய்மையுடையவர் அல்லர். அளக்கும் கோல் மட்டும் மாறுபடுகின்றது.

நம் குடியிருப்பையே நோக்குவோம். இங்கே எந்த வகுப்பு வீட்டில் ஒருவர் குடியிருக்கிறார் என்பதைக் கொண்டே அவர் பதவியை அறிந்துகொள்கிறோம். பிள்ளைகள் விளையாடுமுன் தந்தையின் பதவியை வினவும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. தேர்வு முடிவு வந்த நாளில் மதிப்பெண் குறைந்த பிள்ளை வீடு திரும்ப அஞ்சுகின்றது. தொழிற்சாலையில் தகுதி அளக்கப்படுதல் வேண்டும். தேர்விலும் அளக்கப்படுதல் வேண்டும். அளவின்றி எந்திரம் இயங்காது, பாலம் நில்லாது. ஆனால் அளவு வாயிலோடு நிற்கவேண்டும். வீட்டினுள் நுழைதல் கூடாது. மதிப்பெண் வருமுன்னரே பிள்ளை நம் பிள்ளை. வந்த பின்னரும் நம் பிள்ளை. மதிப்பெண்ணால் அவன் மகனானவன் அல்லன். இதை நாம் அனைவரும் ஒப்புக்கொள்வோம். கடவுளுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவும் இத்தகையதே என்பதுதான் கிறிஸ்தவர் கூறும் கிருபை. மகன் என்று ஏற்கப்பட்ட பின்னரே நன்றாகப் படிக்கவேண்டும் என்னும் ஊக்கமும் அச்சமின்றிப் பிறக்கின்றது. இவ்வரிசையே அக்கொள்கையின் சாரம்: ஏற்பு முதலில், ஒழுக்கம் பின்னர்.

இக்கொள்கையை ஏற்பதும் ஏலாமையும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. ஆயினும் அது எழுப்பும் வினா எல்லார்க்கும் பொதுவானது. இன்னும் சிறிது நேரத்தில் ஆண்டுவிழாப் பொது விருந்து தொடங்கவுள்ளது. இலை போட்டிருக்கும் இடத்தில் நாம் வழக்கமாக யார் பக்கத்தில் அமர்வோம், யார் பக்கத்தில் அமர்வதில்லை என்பதை ஒவ்வொருவரும் அறிவோம். இன்று ஓரிலை தள்ளி அமர்ந்து பார்ப்போமாக.